ஜமாஅத் கடிதம் மட்டும் போதுமா? மணவிலக்குக் காகிதங்களும் இலவச சட்ட உதவியும்



மணவிலக்கு விஷயமாக நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தாளோடு வருகிறார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த விடுதலைப் பத்திரம். இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், ஓரத்தில் ஜமாஅத் முத்திரை, சில நேரங்களில் நோட்டரியின் சிவப்பு ஒட்டு. "இது போதும்தானே ஹஜ்ரத்?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்பார். பெண் பேசாமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

மார்க்க ரீதியில் அந்தப் பிரிவு செல்லுமா என்பதை உலமாக்கள் விசாரித்துச் சொல்ல முடியும். ஆனால் அந்தத் தாள் நாளை தாலுகா அலுவலகத்திலோ, பாஸ்போர்ட் அலுவலகத்திலோ, மறுமணத்தைப் பதிவு செய்யச் செல்லும் சார்பதிவாளர் அலுவலகத்திலோ கேள்விக்கு உள்ளானால், அதைக் காப்பாற்ற ஜமாஅத்தால் முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அந்தக் கணவரே, "நான் தலாக் சொல்லவே இல்லை, இவள் இன்னும் என் மனைவிதான்" என்று வந்து நின்றாலும் இதே கதிதான். ஆகவே இந்தக் கட்டுரையில், நீதிமன்றத்துக்கு எந்தக் காகிதங்கள் தேவை, அவற்றை நாமே எப்படிச் சேர்ப்பது, செலவுக்கு யார் உதவுவார்கள் என்பதை விளக்க முயல்கிறோம்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியுள்ளன?

முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, நீதிமன்றங்களுக்கும் சட்ட நடவடிக்கைகளுக்கும் அது தனித்த ஆதாரம் ஆகாது என்பதே அதன் சாரம். 2023இல் அதே உயர் நீதிமன்றம், ஒரு ஷரீஅத் கவுன்சில் வழங்கிய குலா சான்றிதழை ரத்து செய்தது. குலா கேட்பது முஸ்லிம் பெண்ணின் உரிமை என்பதை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. அந்த உரிமையைக் குடும்ப நல நீதிமன்றத்தின் வழியாகப் பயன்படுத்த வேண்டும், தனியார் அமைப்பு சான்றிதழ் தர முடியாது என்றது. 2024இல் மதுரைக் கிளை ஆண்களுக்கும் ஒன்றைச் சொன்னது. தலாக் நடந்ததை மனைவி மறுத்தால், கணவர் நீதிமன்றம் சென்று தம் தலாக் செல்லும் என்று அறிவிப்புப் பெற வேண்டும்.

இவற்றைக் கேட்டதும் சில முத்தவல்லிகள் வருத்தப்படுகிறார்கள். ஜமாஅத்தின் கையைக் கட்டிவிட்டார்கள் என்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துப் பேசச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. சமரசம் பேசலாம், பேச வேண்டும். பேச்சு முறிந்த பிறகு நாம் எழுதித் தரும் தாளை மட்டும் தீர்ப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் குற்றமே.

1939ஆம் ஆண்டுச் சட்டம் யாருடையது?

பெண் கேட்டு நீதிமன்றத்தில் பெறும் மணவிலக்குக்கு அடிப்படை, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் ரத்துச் சட்டம். "கோர்ட் சட்டம் வேறு, ஷரீஅத் வேறு" என்று இதைப் பலர் ஒதுக்குகிறார்கள். அவர்களுக்காக இதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறோம்.

ஹனஃபி மத்ஹபின் தீர்ப்புப்படி, காணாமல் போன கணவனுக்காகவும் செலவுக்குக் கொடுக்காத கணவனுக்காகவும் பெண் காத்திருக்க வேண்டிய நிலை மிகக் கடுமையாக இருந்தது. வேறு வழி தெரியாத சில பெண்கள், மதம் மாறினால் திருமணம் முறிந்துவிடும் என்பதற்காகவே ஈமானை விட்டு வெளியேறினார்கள். இந்தக் கொடுமையைக் கண்டு பதறியவர்களில் முதன்மையானவர் மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்). மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளை இந்த விஷயத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் நூலே எழுதினார். அந்தச் சிந்தனையின் வழியே வந்த மசோதாதான் சட்டமாயிற்று. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கேட்ட பிரிவு மட்டும் சட்டத்தில் இடம்பெறவில்லை. அதனால்தான் இன்றும் சில ஆலிம்கள், நீதிமன்றத் தீர்ப்போடு நிறுத்தாமல் ஜமாஅத்திலும் ஃபஸ்கையோ குலாவையோ முறைப்படி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது நல்ல பேணுதல். அதைச் செய்வதால் நீதிமன்றத் தீர்ப்பின் தேவை குறையாது.

நம் பெண்களுக்கு அதிகம் பயன்படும் காரணங்கள் அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ளன. கணவர் எங்கிருக்கிறார் என்றே நான்கு ஆண்டுகளாகத் தெரியாமல் இருப்பது, இரண்டு ஆண்டுகளாகப் பராமரிக்காமல் விட்டது, நியாயமான காரணமின்றி மூன்று ஆண்டுகளாக இல்லறக் கடமைகளைச் செய்யாதது, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றது, இரண்டு ஆண்டுகளாக மனநோய், கொடுமை ஆகியவை முக்கியமானவை. கொடுமை என்றால் அடி உதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனைவியின் சொத்தை விற்றுத் தீர்ப்பதும், அவரை மார்க்கக் கடமைகளைச் செய்யவிடாமல் தடுப்பதும், இன்னொரு மனைவி இருக்கும்போது குர்ஆன் சொல்லும் நீதியோடு நடத்தாததும் அதே பிரிவில் கொடுமையாக எழுதப்பட்டுள்ளன. கணவரைக் காணவில்லை என்ற வழக்கில் மட்டும், தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவர் வந்து சேர்ந்து வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு விலக்கப்படும்.

இந்தச் சட்டத்தின்படி மணவிலக்குப் பெற்றாலும் பெண்ணின் மஹர் உரிமை போகாது. 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. குலாவில் நிலைமை வேறு. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த செய்தி நாம் அறிந்ததே. கணவர் அடித்து விரட்டியிருக்கும்போது பெண்ணைக் குலா கேட்க வைத்து, மஹரையும் நகையையும் விட்டுக்கொடுக்கச் செய்வது நம் பஞ்சாயத்துகளில் நடக்கிறது. தவறு கணவர் பக்கம் இருந்தால் குலா பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இருவருமே மனம் ஒத்துப் பிரிவதானால் முபாரஅத் இருக்கிறது. அதையும் எழுதி, குடும்ப நல நீதிமன்றத்தில் மண நிலை பற்றிய அறிவிப்பாகப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பு.

வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

உத்திரமேரூர்க்காரர்களுக்கு எழுத்தின் அருமையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராம சபைக்குக் குடவோலையில் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் கூடாது என்பதையெல்லாம் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான். மஹரும் கொடுக்கும் வரை கடனே. இருந்தும், "மஹர் எவ்வளவும்மா?" என்று கேட்டால் இங்கே பலருக்குப் பதில் தெரிவதில்லை.

முதலில் நிகாஹ் நடந்த ஊர் ஜமாஅத்துக்குச் சென்று, நிகாஹ் பதிவேட்டின் நகலை முத்திரையுடன் வாங்குங்கள். பெண் வீட்டு ஜமாஅத்தில் நிகாஹ் நடந்திருந்தால் எளிது. மாப்பிள்ளை ஊரில் நடந்திருந்தால் சண்டை முற்றும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிந்திருந்தால் அந்தச் சான்று மிகப் பலமானது. பதியாதவர்கள் மனம் தளர வேண்டாம். நிகாஹ் பதிவேடு, அழைப்பிதழ், புகைப்படம், சாட்சிகள் கொண்டும் திருமணத்தை நிரூபிக்கலாம்.

அடுத்து இருவரின் ஆதார் நகல், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள். அடி வாங்கி மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் மனு ஏற்புச் சீட்டு. சீர் வரிசை, நகைகளின் பட்டியல், நகைக்கடை ரசீது. கணவரின் வேலை, சம்பளம் பற்றிக் கிடைக்கும் எதுவானாலும் எடுத்து வையுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய பாஸ்போர்ட் நகலும் கம்பெனி முகவரியும் மிகவும் தேவைப்படும். முகவரி இல்லாமல் அழைப்பாணை போய்ச் சேராது, வழக்கு அங்கேயே நின்றுவிடும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து, நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள். நிகாஹ் தேதி, முதல் பிரச்சினை, தாய் வீட்டுக்கு வந்த நாள், கடைசியாகப் பணம் அனுப்பிய மாதம், ஜமாஅத்தில் பேசிய தேதியும் யார் யார் இருந்தார்கள் என்பதும். "என்னைக் கொடுமைப்படுத்தினார்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "ரமலான் பிறை 20 அன்று இரவு என் வளையல்களைப் பிடுங்கி அடகு வைத்தார்" என்று எழுதுங்கள். ஆங்கிலத் தேதி பிறகு கண்டுபிடிக்கலாம். வழக்கறிஞர் தயாரிக்கும் மனுவின் எலும்பு இந்த நோட்டுத்தான். இதை நீங்களே எழுதிக்கொண்டு போனால் அவர் உங்களிடம் பத்து முறை கேட்டு அலைய வேண்டியதில்லை.

கணவருக்குக் கடிதமோ நோட்டீஸோ அனுப்பினால் ஒப்புதல் அட்டையுடன் தபாலில் அனுப்பி, ரசீதையும் திரும்பி வந்த அட்டையையும் அதே நோட்டில் ஒட்டுங்கள். "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்த உறையையும் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவும் சான்றுதான்.

வழக்கறிஞர் இல்லாமல் நடத்தலாமா?

நடத்தலாம். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984இன் 13ஆம் பிரிவுப்படி, அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்வது தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. தரப்பினரே நேரில் பேச வேண்டும் என்பதுதான் அந்த நீதிமன்றத்தின் அடிப்படை. தேவைப்பட்டால் உதவிக்குச் சட்ட வல்லுநரை நீதிமன்றமே நியமிக்கலாம். சமரசத்துக்கு முயல்வதும் அதன் கடமை, ஆகவே ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அதைக் கண்டு "வழக்கை இழுக்கிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம்.

ஆனாலும் நம் கருத்து, வழக்கைத் தனியாக நடத்துவதை விட காகிதங்களை நீங்கள் தயார் செய்துகொண்டு, வாதத்துக்கு இலவச வழக்கறிஞரைப் பெறுவதே மேல் என்பது. பராமரிப்பு, நகை, பிள்ளைகளின் பொறுப்பு என்று வழக்கு கிளைவிடும்போது தனி ஆளாகச் சமாளிப்பது கடினம்.

இலவச சட்ட உதவி: யாருக்கு, எப்படி?

இதைப் பலர் சலுகை என்று நினைக்கிறார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவு இதை உரிமையாகவே தருகிறது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தாலும், அண்ணன் சவூதியில் சம்பாதித்தாலும், அந்தப் பெண் இலவச சட்ட உதவிக்கு உரியவரே. பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் வரம்பு இல்லை. மற்ற ஆண்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த ஆண்டு வருமான வரம்பு உண்டு.

வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்லாமல் நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், மனு தயாரிப்பு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு ஆகியவையும் இந்த உதவிக்குள் வருகின்றன. நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. "டைப்பிங்குக்கு", "பேட்டாவுக்கு" என்று கேட்டால் மரியாதையாக மறுத்து, ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞர் சரியாக வராவிட்டால் வேறு ஒருவரைக் கேட்டும் மனுச் செய்யலாம்.

நீதிமன்ற வளாகத்தில் "சட்டப்பணிகள் குழு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் காட்டுவார்கள். மாவட்ட அளவில் ஆணைக்குழு, வட்ட அளவில் குழு என்று அமைப்பு. போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் முதலில் பேசலாம். மாவட்டம் 2019இல் பிரிக்கப்பட்ட பிறகு, எந்த வழக்கு காஞ்சிபுரம், எது செங்கல்பட்டு என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. இரண்டுமே நமக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பஸ் ஏறும் முன் அந்த எண்ணில் கேட்டு உறுதி செய்துகொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம்.

விண்ணப்பம் வெள்ளைத்தாளில் தமிழில் இருந்தால் போதும். இப்படி எழுதலாம்:

"நான் காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், (ஊர்) கிராமத்தில் என் பெற்றோருடன் வசிக்கிறேன். என் நிகாஹ் (தேதி) அன்று (இடம்) ஜமாஅத்தில் நடந்தது. என் கணவர் (தேதி) முதல் என்னையும் என் பிள்ளைகளையும் பராமரிக்கவில்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி என் திருமணத்தை ரத்து செய்யவும், பராமரிப்புத் தொகை பெறவும் வழக்குத் தொடர விரும்புகிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12இன்படி, பெண் என்ற முறையில் எனக்கு இலவச வழக்கறிஞரும் வழக்குச் செலவும் வழங்கக் கோருகிறேன்."

கையெழுத்து, தேதி, போன் எண். கூடவே ஆதார் நகல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் தலாக் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் பராமரிப்புத் தொகை, நகை, பணம் பற்றிச் சமரசம் செய்யலாம். மணவிலக்கு அங்கே வழங்கப்படுவதில்லை.

வழக்கு முடியும் வரை சோற்றுக்கு?

மணவிலக்கு வழக்கு முடியட்டும் என்று பராமரிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக உள்ளது. இது முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே இந்த மனுவைப் போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இடைக்காலத் தொகைக்கான மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். தலாக் ஆன பெண்ணுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இத்தா காலத்துக்குள் அவருடைய எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டைக் கணவர் செய்ய வேண்டும், இத்தா காலத்துச் செலவோடு அது முடிந்துவிடாது என்பது 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் செல்லலாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவரே அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். அவசரத்துக்கு 181.

ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்காக மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் "முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம்" இருக்கிறது. நாம் திரட்டும் நன்கொடைக்கு இணைமானியம் அரசு தருகிறது. ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் ஸதகாவில் ஒரு பங்கை இங்கே கொடுத்தால், ஒரு சகோதரியின் தையல் இயந்திரத்துக்கு அது போய்ச் சேரும். ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலிலிருந்து வழக்குக்குச் செல்லும் பெண்ணின் பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் கொடுங்கள். சட்ட உதவி வழக்கறிஞரைத் தந்துவிடும். வாய்தாவுக்கு வாய்தா வயல் வேலையை விட்டுப் போகிறவரின் கூலியை யாரும் தருவதில்லை. பல வழக்குகள் பாதியில் நிற்பது இதனால்தான்.

ஆண்களுக்கும் சில சொற்கள்

தலாக் கொடுக்க முடிவு செய்தவர், சமரசப் பேச்சு நடந்ததற்கான எழுத்தை முதலில் வைத்திருக்க வேண்டும். தகுந்த காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக்கை ஏற்க முடியாது என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது நாம் மதரஸாவில் ஓதியதற்கு மாறானதும் இல்லை. மனைவி தூய்மையாக இருக்கும் காலத்தில் ஒரே ஒரு தலாக், அத்தலாக் அத்தியாயம் சொல்லும் இரண்டு சாட்சிகள், பிறகு இத்தா. அந்த எழுத்தில் தேதி, சாட்சிகள், மஹர் பாக்கி, இத்தா செலவு எல்லாம் இருக்கட்டும். மனைவி ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகத் தயாராக இருங்கள். அதற்குள் மறுமணம் பேசி, முதல் மனைவியின் வழக்கில் மாட்டிக்கொண்டு அலையும் வாலிபர்கள் நம் பகுதியில் உண்டு.

தீர்ப்பு வந்த பிறகு

வழக்கு எண்ணோடு தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். கணவர் வராமலே இருந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானால், அதை விலக்கக் கேட்டு அவர் மனுப் போடக்கூடும். ஆகவே மேல்முறையீட்டுக் காலமும் இத்தாவும் முடியும் முன் அடுத்த நிகாஹ் பேச்சை எடுக்காதீர்கள். இத்தாவைக் கணக்கிடுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் தேதி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்குமே சான்றிட்ட நகல் கேட்டு மனுக் கொடுங்கள். தீர்ப்பாணையை வாங்காமல் வந்துவிட்டு, நாலு வருடம் கழித்து அலைபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நகலை ஜமாஅத்தில் கொடுத்து நிகாஹ் பதிவேட்டில் அதே பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். மூலத்தைச் சரிபார்க்கும் அலுவலகங்களில் அது சிக்கலாகும்.